திறாங்கு அண்ணையும் சுவிஸ்காரர் மறந்த ஆட்டமும்

உதைபந்தாட்டம் பார்க்க வந்த சனத்தை நித்திரை கொள்ள வைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் எங்கள் திறாங்கு அண்ணைதான். உலகம் முழுக்கத் தேடினாலும் இன்னொருவர் கிடைக்கமாட்டார். அப்படிக் கிடைத்தால் தயவுசெய்து எனக்கு அறிமுகம் செய்து வைக்காதீர்கள். இந்த ஆயுளுக்கு எனக்கு ஒருவரே போதும்.

கதவுத் தாழ்ப்பாளை யாழ்ப்பாணத்தார் நாங்கள் திறாங்கு என்போம். சுவிஸ் நாட்டுக்கென்று அந்தக் காலத்தில் சொந்தமாக ஓர் உதைபந்தாட்ட முறை இருந்தது. அதற்கு இவர்கள் வைத்த பெயரும் அதுதான், ஜெர்மன் மொழியில் றீகல். பின்வரிசையில் நிற்பவர்களுக்கும் பின்னால் இன்னொரு ஆளை நிறுத்திவிடுவது. எதிரணி எத்தனை பேர் வந்து இடித்தாலும் அந்த ஆள் கடைசியாக நின்று மறிப்பார். மற்றவர்களும் முன்னுக்கு ஓடுவதைக் குறைத்துக்கொண்டு பின்னுக்கு வந்து அடைத்து நிற்பார்கள். இவ்வளவுதான் சங்கதி. இந்த இவ்வளவையும் அண்ணை எனக்குப் பதினாறு வருடங்களாக விளக்கிக்கொண்டிருக்கிறார்.

"வாறவன் இடிச்சு இடிச்சுக் களைச்சுப் போவான் தம்பி. அவன் களைக்கேக்கை..."

"களைக்கேக்கை நாங்கள் என்ன செய்யிறது அண்ணை?"

அண்ணை கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அதுக்கிடையிலை விசில் ஊதிப்போடுவாங்கள்" என்றார்.

இரண்டு பேரும் இன்டர்லாக்கனில் ஒரு பெரிய ஹோட்டலின் குசினியில் வேலை. நான் கோப்பை கழுவுகிற பக்கம், அவர் மரக்கறி வெட்டுகிற பக்கம். வெங்காயம் வெட்டத் தொடங்கினால் முதல் பதினொரு துண்டையும் எடுத்து மேசையில் அணி பிரித்து அடுக்குவார். கடைசித் துண்டைத் தனியாகப் பின்னுக்கு வைத்து, அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத்தான் பிறகு வேலை. ஒருநாள் சமையல் தலைவர் அவசரத்தில் அந்தக் கடைசித் துண்டை எடுத்துத் தாச்சிக்குள் போட்டுவிட்டார். அன்று முழுக்க அண்ணை யாரோடும் கதைக்கவில்லை.

இந்தத் திறாங்கு வருத்தம் அவருக்கு எங்கே தொற்றியது என்றும் சொல்லிவிடுகிறேன். ஹோட்டலின் கீழ்த்தளத்தில் மேசை விரிப்புகளை அயர்ன் பண்ணுகிற ஒரு வயதான சுவிஸ்காரர் இருந்தார். அண்ணை வந்த புதிதில் விரிப்பு மூட்டை தூக்கிக்கொண்டு கீழே போவார். ஒருநாள் அந்த மனிதர் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு பழைய கதை சொன்னார். அந்த நாளில் இந்த நாட்டில் பந்து விளையாடியவன் எல்லாம் வேறு வேலை செய்தவனாம். ஒருவன் பேக்கரிக்காரன், ஒருவன் தபால்காரன், ஒருவன் மணிக்கூடு திருத்துகிறவன். பெரிய நாட்டுக்காரரைப் போல் நாள் முழுக்கப் பயிற்சி எடுக்க அவர்களுக்கு நேரமுமில்லை, தெம்புமில்லை. அதனால்தான் ஓட்டத்தைக் குறைத்து மறிப்பைக் கூட்டினார்களாம். அதை வைத்தே பெரிய பெரிய நாடுகளை மறித்தார்களாம். ஊர் ஊராக இதே ஆட்டம்தானாம்.

அண்ணை அந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றாராம்.

"வேலை செய்து களைச்சவன் தோக்காமல் இருக்கிறதுக்கெண்டு ஒரு ஆட்டம் ஐசே! இதை விட்டா எங்களுக்கு வேறை என்ன வேணும்?"

அவர் கேட்டது நியாயம்தான். அந்த நியாயத்தைச் சுமந்தது என் முழங்கால்.

அப்போது எங்களுக்கு ஒரு தமிழ்க் கழகம் இருந்தது. இரண்டு ஏரிக்கு நடுவில் இருக்கிற ஊர் என்பதால் இருவாவி விளையாட்டுக் கழகம் என்று பெயர் வைத்திருந்தோம். பயிற்றுநர் திறாங்கு அண்ணை. எல்லோரும் ஹோட்டல் ஆட்கள். மத்தியானச் சாப்பாட்டு வேலை முடிந்து பின்னேர வேலை தொடங்கும் வரைக்கும் இரண்டரை மணித்தியாலம் இடைவெளி விடுவார்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் போய்ச் சரிவார்கள். நாங்கள் கட்டம் போட்ட குசினிக் காற்சட்டையோடு புல்வெளியில் வரிசையாக நிற்போம். விளையாடுவோம் என்று எழுதவில்லை, கவனியுங்கள். முதல் இரண்டு மாதம் அண்ணை பந்தே கொண்டுவரவில்லை. "பந்து வந்தா உங்கட கவனம் சிதறும்" என்றார்.

பக்கத்துப் புல்வெளியில்தான் பாரகிளைடர்காரர் மலையிலிருந்து பறந்து வந்து இறங்குவார்கள். ஒருநாள் காற்று மாறி, ஒரு வழிகாட்டியும் அவர் மடியில் கட்டியிருந்த சுற்றுலாப் பெண்ணும் நேரே எங்கள் பின்வரிசைக்குள் வந்து விழுந்தார்கள். அந்தப் பெண் அழுகிறாள், நாங்கள் கயிற்றை அவிழ்க்கிறோம். அண்ணை என்னைப் பார்த்து ஒரு கத்தல்.

"ஏன் அவங்களை உள்ளுக்கை விட்டனீர்?"

"அண்ணை, அவை மேலையிருந்து வந்தவை!"

"எங்கையிருந்து வந்தா என்ன? உம்மட பக்கத்தாலைதானே வந்தவை!"

கோடைகாலச் சுற்றுப்போட்டி பாடன் நகரில் நடந்தது. சுவிஸ் முழுக்க இருந்து தமிழ்க் கழகங்கள் வரும். கொத்துரொட்டிக் கடை, ஒலிபெருக்கி, பொன்னாடை எல்லாம் இருக்கும். எங்கள் சனத்துக்கு உதைபந்தாட்டம் என்றால் முன்னுக்கு ஓடவேண்டும், உதைக்கவேண்டும், விழவேண்டும், நடுவரோடு சண்டை பிடிக்கவேண்டும். நாங்கள் நான்கு ஆட்டம் ஆடினோம். நான்கிலும் ஒரு கோல் போடவில்லை, ஒரு கோல் வாங்கவில்லை. மூன்று முறை சமநிலை தவிர்ப்பு உதையில் வென்றோம், எதிரணிக்கு விரக்தியில் கால் ஓடாததால். ஒலிபெருக்கியில் வர்ணனை செய்த பாவிமனிதர் எங்கள் மூன்றாவது ஆட்டத்தில் குரலே கம்மிப்போனார்.

"பந்து இப்ப பின்னுக்குப் போகுது. திரும்பவும் பின்னுக்கு. இன்னும் கொஞ்சம் பின்னுக்கு. அன்பான ரசிகர்களே, கொத்துரொட்டி சுடச்சுட இருக்குது, போய்ச் சாப்பிட்டிட்டு ஆறுதலா வாங்கோ, ஒண்டும் நடவாது."

நான்காவது ஆட்டம் தொடங்கியபோது எல்லைக்கோட்டுக்கு வெளியே அண்ணையின் மனைவி மட்டும் இருந்தார். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவது. ஹோட்டல் அறைகள் துப்புரவாக்குகிற வேலை. அவரும் ஆட்டம் பார்க்கவில்லை, குந்தியிருந்து அப்படியே கண் அயர்ந்துவிட்டார். அந்த ஆட்டத்தில் சமநிலை உதையிலும் தோற்று வெளியே வந்தோம்.

அடுத்த வாரக் கூட்டத்தில் பயிற்றுநரை மாற்றுவது என்று வாக்கெடுப்பு. பத்துப் பேரும் கையை உயர்த்தினார்கள். நான் அரைவாசிக்கு உயர்த்தினேன். அண்ணை எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"கை தூக்கிறதிலையும் பாருங்கோ, எல்லாரும் ஒண்டா முன்னுக்குத் தூக்கிறீங்கள். பின்னுக்கு ஒருத்தரும் இல்லை" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார்.

அத்தோடு இந்தக் கதை முடிந்திருந்தால் நானும் முழங்காலோடு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அண்ணை குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்.

சுவிஸில் குடியுரிமை என்பது முதலில் நாம் இருக்கிற ஊர்ச்சபை சம்மதிக்கவேண்டிய விஷயம். கெமைண்டே என்பார்கள். வேலை இன்டர்லாக்கனில் என்றாலும் நாங்கள் குடியிருந்தது பக்கத்தில் ஒரு சின்ன மலை ஊரில். மூன்று பேர் மேசைக்குப் பின்னால் இருந்து நம்மைக் கேள்வி கேட்பார்கள். அண்ணை மலைகளின் பெயர், ஆறுகளின் பெயர், மாநிலங்களின் பெயர் எல்லாம் மிளகாய் வெட்டிக்கொண்டே பாடமாக்கியிருந்தார். அவர்கள் அதை ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒன்றிலும் இல்லை என்றார். ஓய்வு நேரத்தில் யாரோடு பழகுவீர்கள் என்று கேட்டார்கள்.

"தம்பியோடை" என்றாராம்.

தம்பி யார் என்று கேட்டு எழுதிக்கொண்டார்களாம். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. ஊர் மக்களோடு பழக்கம் போதாது, இரண்டு வருடம் கழித்துத் திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது.

அந்தக் கடிதத்தை அவர் என் கழுவுகிற தொட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பகிடி விடுகிற முகமில்லை அது.

"எனக்குக் கொடி பிடிக்க ஆசையில்லை ஐசே. அறுபது வயசாகப் போகுது. வந்த நாளிலையிருந்து ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலையும் எப்ப வந்தனீங்கள், ஏன் வந்தனீங்கள், எவ்வளவு நாளைக்கு நிக்கப் போறீங்கள் எண்டு கேக்கிறாங்கள். மறுமொழி சொல்லிச் சொல்லியே களைச்சுப் போனன். ஒருக்கால் இந்தக் கேள்வி முடியவேணும். அவ்வளவுதான்."

எனக்கும் அந்தக் களைப்புத் தெரியும். அதனால்தான், திங்கட்கிழமைகளில் எங்களுக்கு ஓய்வு நாளாக இருந்தும், அவர் ஊர் மூத்தோர் உதைபந்தாட்ட அணியில் சேரப்போகிறேன், தனியப் போகக் கூச்சமாக இருக்கிறது, நீரும் வாரும் என்று கூப்பிட்டபோது மறுக்கவில்லை. மறுத்திருக்கவேண்டும்.

அந்த அணிக்குத் தலைவர் ஹான்ஸ்ருவேடி. ஊரில் சீஸ் ஆலை நடத்துகிறவர். பெரிய உடம்பு, சிவந்த முகம், சிரித்தால் கண் காணாமல் போய்விடும். மற்றவர்கள் அநேகமாக மாடு வைத்திருக்கிற கமக்காரர்கள். எல்லோருக்கும் நாற்பதுக்கு மேல், எல்லோருக்கும் வயிறு. அண்ணை முதல் நாள் குளித்து, தலை வாரி, மணமகன் மாதிரி வந்தார். இருக்காதா பின்னே? திறாங்கு ஆட்டத்தைப் பெற்ற நாட்டுக்காரரோடு ஆடப்போகிறார்.

ஆட்டம் தொடங்கியது. புதிதாக வந்த நாங்கள் இருவரும் வெளியே மாற்று ஆட்களாக இருந்தோம். பதினொரு பேரும் கூவென்று கத்திக்கொண்டு முன்னுக்கு ஓடினார்கள். கோல் காப்பாளர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, அவரும் பாதித்தூரம் ஓடினார். பின்னுக்கு ஒரு குருவி இல்லை. அந்த வாரம் ஏழுக்கு நாலு என்று தோற்றார்கள். தோற்றுவிட்டு ஒருவரை ஒருவர் முதுகில் தட்டிச் சிரித்து, சொசேஜ் சுட்டு, பியர் குடித்தார்கள்.

அண்ணை திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு முன்னால் விறுவிறென்று நடந்தார். வீட்டு வாசலில் நின்று சொன்னார்.

"உவங்கள் சுவிஸ்காரர்தானோ எண்டு எனக்குச் சந்தேகமா இருக்கு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். "அண்ணை, விண்ணப்பத்தோடை வைக்கிறதுக்கு ஹான்ஸ்ருவேடியிட்டை ஒரு நற்சான்றுக் கடிதம் வேணும். அந்தக் கடிதம் கைக்கு வாற வரைக்கும் வாயைத் திறக்காதேங்கோ. அவை பன்ரண்டு கோல் வாங்கினாலும் கைதட்டுங்கோ."

"ஓம்" என்றார்.

இரண்டு வருடத்தில் பெரும்பகுதி அவர் அந்த ஓமைக் காப்பாற்றினார் என்பதைச் சொல்லவேண்டும். அது சாதாரண பாடு இல்லை. ஒவ்வொரு கோலுக்கும் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பல்லால் கடிப்பார். இரண்டு ஜாக்கெட் போனது. மூன்றாவதுக்கு அக்கா பொத்தான் வைத்துத் தைத்துக் கொடுத்தார். "வீட்டுக்கு வந்தாலும் ஆறுதலில்லை தம்பி. நான் அலுமாரி துடைக்கேக்கையும் பின்னாலை வந்து நிண்டு, விட்டுப்போன இடத்தைத் துடைக்கிறார்" என்றார் அக்கா. இருவருமே வேலை முடிந்து வருகிற ஆட்கள். பார்க்கவே களைப்பாக இருக்கும்.

இரண்டாவது வருட வசந்தத்தில், எட்டுக்கு மூன்று என்று தோற்ற ஒரு திங்கட்கிழமை, அது உடைந்தது. எல்லோரும் கழக அறை மேசையில் இருந்தார்கள். ஹான்ஸ்ருவேடி, "நல்லா ஓடினம், என்ன?" என்றார். அண்ணை எழும்பினார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை மட்டும்தான் என் கைக்கு வந்தது, ஆள் வரவில்லை.

கடுகுப் போத்தலை எடுத்து நடுவில் வைத்தார். உப்பு, மிளகு, சோஸ், பாண் துண்டுகள் எல்லாவற்றையும் அடுக்கினார். கடைசியாக ஹான்ஸ்ருவேடி வாயில் வைக்கப்போன பியரை அவர் கையிலிருந்து வாங்கி எல்லாவற்றுக்கும் பின்னால் வைத்தார்.

தன் குசினி ஜெர்மனில் சொன்னார்: "இது உங்கட ஆட்டம். உங்கட பெரியவை ஆடினது. உலகத்துக்கே நீங்கள் காட்டினது. எனக்குத் தெரியுது, உங்களுக்குத் தெரியேல்லை. வெக்கமா இல்லையோ?"

ஹான்ஸ்ருவேடியின் சிவந்த முகம் இன்னும் சிவந்தது.

"நான் கிழமை முழுக்க மறிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார் மெதுவாக. "மாட்டை மறிக்கிறன், பாலை மறிக்கிறன், கணக்குக் கேட்டு வாறவனை மறிக்கிறன். திங்கட்கிழமை ஒரு நாள் முன்னுக்கு ஓட வாறன். அதையும் மறிக்கச் சொல்லுறியோ?"

தன் பியரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூன்று திங்கட்கிழமை எங்களோடு யாரும் நாலு வார்த்தைக்கு மேல் கதைக்கவில்லை. விண்ணப்பம் கொடுக்கும் நாள் நெருங்கியது. கடிதம் இல்லை. கேட்க எனக்கு முகமில்லை. அக்கா அண்ணையோடு சமையலுக்கு உப்புப் போதுமா என்பதைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை என்று சொன்னார். எனக்கு உண்மையிலேயே கோபம். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவரைப் பார்த்துக் கத்தினேன்.

"ஒரு கடதாசிக்காக ஒரு மாசம் பொறுத்திருக்க ஏலாதோ? பந்து முக்கியமோ, வாழ்க்கை முக்கியமோ?"

"பொய்க்குக் கை தட்ட ஏலாமல் போச்சுது தம்பி" என்றார். அன்று வெங்காயத்தை அடுக்காமலே வெட்டினார். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஏரிக்கு அந்தப் பக்கத்து ஊர் அணியோடு வருடத்துக்கு ஒருமுறை ஒரு ஆட்டம் உண்டு. அதில் தோற்பது எங்கள் அணியின் வழக்கம், அதுவும் பெரிய தோல்வி. அந்த வருடம் மழை விடாமல் பெய்து, சரியாக அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாளுக்கு முன்தான் வெயில் எறிக்கத் தொடங்கியது. வெட்டிப்போட்டு இரண்டு நாள் காய்ந்த புல்லை அடுத்த மழைக்கு முன் வாரி அள்ளாவிட்டால் மாட்டுக்குக் குளிர்காலத்தில் சாப்பாடு இல்லை. கமக்காரர்கள் ஒருவரும் மைதானத்துக்கு வரவில்லை. எதிரணி பதினொரு பேர் வந்து நிற்கிறார்கள். எங்கள் பக்கம் எண்ணிப் பார்த்தால் ஒன்பது பேர். நாங்கள் இருவரும் அன்று மத்தியானம் லீவு எடுத்து வந்திருந்தோம். அந்த ஒன்பதும் எங்களையும் சேர்த்துத்தான்.

ஹான்ஸ்ருவேடி எங்களிடம் வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அந்தக் கடுகுப் போத்தல் விசயம். ஒன்பது பேரோடை ஆடலாமோ?"

"ஒன்பது தாராளம்" என்றார் அண்ணை.

அன்றைய ஆட்டத்தை நான் விவரிக்கப்போவதில்லை, விவரிக்க ஒன்றுமில்லை. நாங்கள் அடைத்துக்கொண்டு நின்றோம், அவர்கள் வந்து இடித்தார்கள். அண்ணை எல்லோருக்கும் பின்னால் நின்று, "இடம்! வலம்! அங்கையே நில்லும்!" என்று மூன்று மொழியில் கத்தினார். பார்க்க வந்த சனம் அரை மணித்தியாலத்தில் கலைந்தது. வேலிக்கு அப்பால் நின்ற மாடுகள்கூடத் திரும்பி மற்றப் பக்கம் போய்விட்டன.

கடைசி நேரத்தில் பந்து அண்ணையின் காலுக்கு வந்தது. முன்னால் எதிரணியின் முன்வரிசைக்காரர், கூரை வேலை செய்கிற ஒரு நெட்டையர், இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அண்ணை பந்தில் காலை வைத்து நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"வா" என்றார் நெட்டையர்.

"நீ வா" என்றார் அண்ணை.

"எனக்கு ஏலாது."

"எனக்குத் தெரியும்."

அப்படியே நின்றார்கள். நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், விசிலை ஊதினார். சைபருக்குச் சைபர். யாருக்கும் நினைவு தெரிந்த காலத்தில் எங்கள் ஊர் கோல் வாங்காத முதல் ஆட்டம். பஸ் சாரதி முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தார், வேர்க்கவேயில்லை என்று கண்டு திரும்ப மடித்து வைத்தார்.

ஹான்ஸ்ருவேடி புல்லில் இருந்தபடி சொன்னார்: "என்ர வாழ்க்கையிலை இவ்வளவு அலுப்பான ஆட்டம் ஆடினதில்லை."

பிறகு மலைப்பக்கம் பார்த்தார். கறுத்த முகில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஆனால் ஒருத்தருக்கும் களைப்பில்லை" என்றார். "எழும்புங்கோ."

விளையாட்டுக் காற்சட்டையோடேயே ஒன்பது பேரும் சரிவில் ஏறினோம். வராமல் விட்ட கமக்காரர்களும் அவர்கள் குடும்பமும் அங்கே தவித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு மர வாரி தந்தார்கள், மரப்பல்லு வைத்த நீளக் கம்பு. எல்லோரும் அவசரத்தில் கண்டபடி வாரினார்கள். பாதிப் புல் பின்னால் சிந்திக்கொண்டே வந்தது. அண்ணைக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. மூன்று நிமிடத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். வரிசைக்குப் பின்னால் தான் ஒருவராக நின்று, முன்னால் போனவர்கள் விட்டதையெல்லாம் சேர்த்து வாரிக்கொண்டு வந்தார். ஓடவில்லை. அவசரப்படவில்லை. ஒரு துரும்பு அவரைத் தாண்டிப் போகவில்லை. கடைசிப் புல்லுக்கட்டை வண்டியில் ஏற்றி மூடும்போதுதான் முதல் துளி விழுந்தது.

ஹான்ஸ்ருவேடி அந்தத் துடைத்துவிட்ட சரிவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"ஓ" என்றார். "இப்ப விளங்குது."

அடுத்த வாரம் ஒட்டிய உறையில் ஹான்ஸ்ருவேடியின் கடிதம் வந்தது. அண்ணை அதைத் திறந்து பார்க்கவில்லை. என்ன எழுதியிருப்பார் என்று நான்தான் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்படியே விண்ணப்பத்தோடு வைத்தார்.

நேர்முகத்துக்கு நான் துணைக்குப் போனேன். உள்ளே விடமாட்டார்கள், வெளியே கதிரையில் இருந்தேன். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. கேள்வி கேட்கிற மூவருக்கும் தலைவியான அம்மையார் கடிதத்தை உரக்க வாசித்தது கேட்டது.

"இந்த மனிதர் எங்கள் சங்கத்தில் இதுவரை சேர்ந்தவர்களில் மிகவும் தொந்தரவான ஆள்."

முடிந்தது என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

"எங்களுக்குச் சொந்தமான ஒன்றை எங்களுக்கே காட்டித் தந்தார். அதை நாங்கள் திரும்ப ஆட விரும்பவில்லை. ஆனால் திங்கட்கிழமை அவர் வராவிட்டால், அவர் வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வருவோம்."

உள்ளே கடதாசி மடிபடுவது கேட்டது. பிறகு அந்த அம்மையார் கேட்டார்: "எது அந்தச் சொந்தமான ஒன்று?"

ஐயோ என்று நான் எழும்பிவிட்டேன். தண்ணீர்க் கிளாஸ் ஒன்றை மேசையில் நகர்த்துகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அரை மணித்தியாலம் நேர்முகம் என்று சொன்னது ஒரு மணித்தியாலமானது. அடுத்ததாக வந்து காத்திருந்த ஒரு தம்பதி என்னிடம் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டார்கள். கதவு திறந்தது. தலைவி அம்மையார் வெளியே வந்து, பக்கத்து அறைக்குள் போய், அலுமாரியைத் திறந்து தேடினார்.

"இன்னும் மூண்டு கிளாஸ் வேணுமாம்" என்றார் என்னிடம்.

ஊர்ச்சபை சம்மதித்தது. பிறகு மாநிலம், பிறகு மத்திய அரசு என்று ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. போன மாதம்தான் வந்து கையெழுத்து வைத்துப் பத்திரத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அழைத்தார்கள். மத்தியானம் போனோம். கந்தோரில் இருந்த பெண் கை கொடுத்தார். வேறு விசேஷம் ஒன்றுமில்லை. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அண்ணை மறுமொழி சொல்லத் தயாராக வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வெளியே வந்தார்.

பின்னேர வேலைக்காக இன்டர்லாக்கன் பஸ்ஸில் ஏறினோம். பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தார். ஏதாவது விளக்கம் தொடங்குவார் என்று நான் காதைத் தீட்டி வைத்திருந்தேன். இரண்டாவது வளைவு திரும்பவில்லை, தலை சரிந்து என் தோளில் விழுந்தது. குறட்டை வந்தது.

சரியான பாரமான தலை. பஸ் எங்கள் ஹோட்டல் தரிப்பிடத்துக்கு வந்தது. நான் பட்டனை அமத்தவில்லை. கடைசித் தரிப்பிடம் வரைக்கும் போய், அங்கே பத்து நிமிடம் நின்று, அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம். வேலைக்கு ஒரு மணித்தியாலம் பிந்தி, சமையல் தலைவரிடம் இரண்டு பேரும் பேச்சு வாங்கினோம். எனக்குத் தோள் இன்னும் வலிக்கிறது. அன்றைக்கு அந்தப் பஸ் இன்னும் கொஞ்சத் தூரம் போயிருக்கலாம்.